மூன்றாம் நம்பர் டல்சிமரின் இரண்டு கோடுகள்

லைப்ரரி வேலையிலிருந்து நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், என் மேசைக்கு வரப்போகிற கெய்லா என்ற பெண் மூன்றாம் நம்பர் டல்சிமரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விரல்பலகையில் இரண்டு இடத்தில் வெளுப்பாகக் கோடு தெரிகிறதே, செய்யும்போதே வந்த குறையா, குறை என்று பதிந்துவிடட்டுமா என்று கேட்டாள். நல்ல பெண், எதையும் பதியாமல் விட மாட்டாள். நான் அவசரத்தில் "அதைத் தொடாதே" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் விஷயத்தைச் சொல்லாமல் தப்ப முடியாது என்று தெரிந்துவிட்டது. அன்று பாதிதான் சொல்ல முடிந்தது. அதற்குள் வரிசையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அதனால்தான் முழுவதையும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் டல்சிமர் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. அமெரிக்காவின் கிழக்கு மலைப்பக்கத்து ஜனங்கள் வீட்டிலேயே செய்து வாசித்த மரப்பெட்டி வாத்தியம் அது. ஒடுங்கிய இடுப்பும் நீண்ட கழுத்துமாக, மடியில் படுக்க வைத்து வாசிக்கும்படி இருக்கும். ஒரு தந்தியில்தான் பாட்டு. மற்ற தந்திகள் கூடவே ஒரே சுருதியில் முழங்கிக்கொண்டிருக்கும். இடது கையில் ஒரு சிறு குச்சியை வைத்துப் பாட்டுத் தந்தியை அழுத்தி நகர்த்த வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும். இதில் உள்ள விசேஷம், பியானோவின் வெள்ளைக் கட்டைகள் மட்டும் இருப்பதுபோல் விரல்பலகையின் குறுக்கே மெட்டுக்கம்பிகள் பதித்திருப்பார்கள். இடைப்பட்ட சுரங்களுக்குக் கம்பியே கிடையாது. குச்சியை எங்கே வைத்தாலும் காதுக்கு ஒத்துத்தான் வரும். பிறந்ததிலிருந்து ஒரு வாத்தியத்தையும் தொடாதவர்கூடப் பத்து நிமிடத்தில் ஒரு குழந்தைப் பாட்டை வாசித்துவிடலாம்.

அப்படி வாசித்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் வீட்டில் சங்கீதம் என்றால் பாளையங்கோட்டையில் டீக்கடை ரேடியோவிலிருந்து ஜன்னல் வழியாக வந்ததுதான்.

டெக்ஸஸில், ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனிகள் வரிசையாக நிற்கிற சாலையில் எஞ்சினியராக வந்து சேர்ந்தவன் நான். அந்தத் தொழில் ஒரேயடியாகச் சரிந்தபோது எங்கள் மாடியே காலியானது. நானும் அட்டைப்பெட்டியோடு பார்க்கிங் லாட்டில் நின்றேன். நல்லவேளை, கிரீன் கார்டு வந்திருந்தது. என் மனைவி பர்வீனுக்கு மருத்துவமனை லேபில் வேலை இருந்தது. மாதக்கணக்கில் நான் வீட்டில் உட்கார்ந்து ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருந்ததில் பொறுமை போனது எனக்கல்ல, அவளுக்கு.

"ஏங்க, ஃப்ரிட்ஜ்ல எந்த டப்பா எங்க இருக்கணும்னு எனக்கு லேபிள் ஒட்டித் தர்றீங்க பாருங்க, அதை லைப்ரரில போய்ப் பண்ணுங்க. பார்ட் டைம் ஆள் எடுக்கிறாங்களாம். எனக்கும் நிம்மதி, அவங்களுக்கும் உபயோகம்" என்றாள்.

நல்ல வேலை கிடைக்கிற வரைக்கும் என்று போனவன் ஓய்வு பெறுகிற வரைக்கும் இருந்துவிட்டேன். முதலில் தள்ளுவண்டியில் புத்தகம் அடுக்கினேன், அப்புறம் கவுண்டர். அதன்பின் புத்தகம் அல்லாத பொருட்களை இரவல் கொடுக்கும் பிரிவு வந்து சேர்ந்தது. தையல் மெஷின், டெலஸ்கோப், கேக் அச்சு, வாத்தியங்கள் எல்லாம் அதில் அடக்கம். நம் ஆட்கள் நிறைய இருக்கிற காப்பெல் பக்கம் யார் வீட்டுப் பார்ட்டிக்குப் போனாலும், "பாய், இன்னும் லைப்ரரிதானா? ஒரு சர்டிஃபிகேஷன் பண்ணுங்க, என் கம்பெனில ரெஃபர் பண்றேன்" என்று யாராவது கையைப் பிடித்துக்கொள்வார். "தாராளமா ரெஃபர் பண்ணுங்க. ஆனா கிரகணம் வந்தா டெலஸ்கோப்புக்கு என்கிட்டதான் வரணும்" என்பேன். வரவும் செய்தார்கள்.

என்னை அங்கேயே பிடித்து வைத்தது வேலை என்பதைவிட, கிளை மேலாளராக இருந்த லொரெய்ன் என்ற அம்மாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆர்கன்சா மலைப்பக்கத்துக்காரர். உயரம், நரைத்த பின்னல், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எந்தப் பொருள் எந்த நிலையில் திரும்பி வந்தாலும், யார் செய்தது, ஏன் செய்தீர்கள் என்று கேட்க மாட்டார். "இதை வைத்து என்ன செய்ய நினைத்தீர்கள்?" என்றுதான் கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். பதில் வருகிற வரைக்கும் எதிரில் இருப்பவரையே பார்த்துக்கொண்டு இருப்பார். என் போன்ற அவசரக் குடுக்கைக்கு அந்த மௌனம் தாங்காது. குற்றவாளிக்குப் பதில் நானே ஏதாவது சொல்லித் தொலைத்துவிடுவேன்.

ஒருமுறை ஒருவர் எங்கள் கேக் அச்சின் அடியில் வரிசையாக ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். லொரெய்ன் தன் கேள்வியைக் கேட்டார். தக்காளி நாற்று விட நினைத்தேன் என்று அந்த ஆள் காது சிவக்கச் சொன்னார். லொரெய்ன் அவரைத் தோட்டப் புத்தக வரிசைக்கு அழைத்துப் போனார். அந்த அச்சு பிறகு லைப்ரரியின் விதை பாக்கெட் அலமாரியில் நாற்றுத் தட்டாகவே உழைத்தது.

ஆனால் டல்சிமர் விஷயத்தில் மட்டும் அவர் கறார். எங்களிடம் நான்கு இருந்தன. நான்கையும் செய்தது ஊரில் இருக்கும் அவருடைய அண்ணன். ஒவ்வொரு மெட்டுக்கம்பியையும் அந்த மனிதர் கையாலேயே அரம் போட்டு இழைத்திருந்தார். வாத்தியத்தில் கை வைத்து எதையாவது மாற்றினால் அந்த நபருக்கு வாத்திய அலமாரி அதோடு மூடப்படும் என்பது விதி. தந்தி அறுந்தால் பரவாயில்லை, தந்தி அறுவதற்கென்றே பிறந்தது என்பார். மரத்தில் கை வைக்கக் கூடாது.

சனிக்கிழமைகளில் அவரே புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பார். வகுப்புக்கும் ஒரு விதி. முதல் ஒரு மணி நேரத்துக்கு அந்த அறையில் யாரும் தப்பு என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. அடுத்தவரைப் பார்த்தும் சொல்லக் கூடாது, தன்னைப் பார்த்தும் சொல்லக் கூடாது. "அதைக் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள், போகும்போது எடுத்துக்கொள்ளலாம்" என்று சிரிப்பார்.

நம் ஆட்களிடம் இது எடுபடவில்லை. பிளானோவிலிருந்து சுங்கச்சாலை பிடித்து வந்த ஒரு பெற்றோர், பெண் வாசிப்பதைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

"அங்கிள், இதுக்கு கிரேடு எக்ஸாம் உண்டா?"

"இல்லம்மா."

"காம்பெட்டிஷன்?"

"அதுவும் இல்ல."

"அப்போ இவ நல்லா வாசிக்கிறாளா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

பெண் சந்தோஷமாக வாசிக்கிறாளே என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

இரவல் போன டல்சிமர் திரும்பி வந்தால் அதைச் சோதித்து உள்ளே எடுப்பது என் பொறுப்பு. லொரெய்ன் சொல்லிக் கொடுத்த முறை, ஓய்வு பெறும்வரை ஒரு படி விடாமல் செய்தேன். பையைத் திறந்ததும் முதலில் மோந்து பார்க்க வேண்டும். காரில் வெயிலில் கிடந்திருந்தால் பசை இளகிய வாசனை காட்டிக்கொடுத்துவிடும். டெக்ஸஸ் வெயிலுக்கு மரமும் ஒன்றுதான் மனிதனும் ஒன்றுதான். பிறகு தந்திகளை விரலால் தடவி, துருவோ பிசிறோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை மீட்டி, ஒலி தானாக அடங்குகிற வரை காத்திருக்க வேண்டும். அவசரமாகக் கையை வைத்து அமர்த்தினால் லொரெய்னுக்குப் பிடிக்காது. கடைசியாகக் குச்சியைப் பாட்டுத் தந்தியின் மேல் வைத்து, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் குச்சி படியேறுகிற மாதிரி அளவாக ஏறிப் போகும். கம்பி எதுவும் தூக்கிக்கொண்டு இருந்தால் அந்த இடத்தில் கை இடறும். காது இல்லாதவனுக்கும் கை சொல்லிவிடும்.

ராமலிங்கம் சாரும் சரஸ்வதி அம்மாவும் எங்கள் லைப்ரரிக்கு வர ஆரம்பித்தது ஒரு குளிர்காலத்தில். ஈரோட்டுக்காரர்கள். அவர் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மூத்தவர். அந்த அம்மா வீட்டு மாடியில் பாட்டும் வீணையும் சொல்லிக் கொடுத்தவர். மகனோடு இருக்க வந்த இடத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. நடக்க முடிந்தது. வலது கை பாதிதான் திரும்பியது, பேச்சு கால்வாசி. மகன் ஆபீஸ் போகிற வழியில் இருவரையும் எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, மதியம் வந்து கூட்டிப்போவான்.

ராமலிங்கம் சார் பேசுவதில் கெட்டிக்காரர். இரண்டே நாளில் என் ஜாதகம் முழுவதையும் வாங்கிவிட்டார், தன்னுடையதையும் கொடுத்துவிட்டார்.

"என்ற சம்சாரம் கிளாஸ் எடுத்தான்னா நான் தெருமொனைல ஸ்கூட்டர நிறுத்தறப்பவே கேக்குமுங்க தம்பி, 'தப்பு, திரும்பப் பாடு'ன்னு. கொஞ்சங்கூட விட மாட்டா. என்னைய வூட்டுக்குள்ள முணுமுணுக்கக்கூட விட்டதில்லீங்க. அப்பேர்ப்பட்ட காது."

"இப்ப பாடறாங்களா சார்?"

அவர் மனைவி பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆஸ்பத்திரில இருந்து வந்த புதுசுல பாட முயற்சி பண்ணுனா. சுருதி வழுக்குதுங்க. எங்களுக்கெல்லாம் தெரியல, நல்லாத்தான் இருந்துச்சு. அவளுக்குத் தெரியுதே. அன்னிக்கு வாய மூடுனவதான். வீணைய அனுப்பி வெக்கச் சொல்லட்டுமான்னு கேட்டேன், கைய ஆட்டிட்டா."

அந்த அம்மா எங்கேயோ பார்த்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். டாக்டர்கள் கையை அசைக்கச் சொன்னார்கள், பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் பாடச் சொன்னாள். எதற்கும் அந்த அம்மா அசையவில்லை. இப்படியே விட்டால் முழுசாகத் தனக்குள்ளேயே போய்விடுவாள் என்று ராமலிங்கம் சார் பயந்தார். அந்தப் பயம் அவர் பேச்சின் சிரிப்புக்குள்ளேயே இருந்தது.

மகனுக்கு வேலை இருந்ததால் ஒரு சனிக்கிழமை காலையிலும் வந்தார்கள். வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. லொரெய்ன் ஒரு டல்சிமரை மடியில் வைத்துச் சும்மா மீட்டினார். நான் கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சரஸ்வதி அம்மாவின் தலை திரும்பியது. எழுந்தார். யாரையும் கேட்காமல் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் ஓடிய ராமலிங்கம் சார் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "தம்புரா மாதிரியே இருக்குதுங்க தம்பி. ச, ப, ச. அதேதான்."

லொரெய்ன் பெயர்கூடக் கேட்கவில்லை. மூன்றாம் நம்பரை எடுத்து அந்த அம்மாவின் மடியில் வைத்தார். வலது கை விரல்களால் தந்தியை மீட்டுகிற சிறு துண்டைப் பிடிக்க முடியாததைப் பார்த்துவிட்டு, அதில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தார். அந்த அம்மா மீட்டினார். ஒலி அடங்குகிற வரை தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி மீட்டினார். வகுப்பு முடிகிற வரைக்கும் குச்சியை அப்படியும் இப்படியுமாக வழுக்கவிட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஆள் அங்கே இருந்தார். ராமலிங்கம் சார் ரெஸ்ட்ரூம் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நம்பர் அன்றே அவர்கள் வீட்டுக்குப் போனது. முதல் வாரம் தினமும் ரிப்போர்ட் வரும். காலையில் வாசித்தாள், சாயங்காலம் வாசித்தாள், மருமகள் சமையல் செய்கிறபோது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். மோகனம் மாதிரி ஏதோ கேட்டது. இரண்டாவது வாரத்தில் அவர் கொஞ்சம் பேச்சைக் குறைத்தார். மூன்றாவது வாரம், தவணை முடிவதற்கு முன்னாலேயே, அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு டல்சிமரோடு கவுண்டருக்கு வந்து நின்றார்.

"தம்பி, இதுல ஒரு சின்ன டிசைன் கோளாறு இருந்துச்சுங்க. நானே சரி பண்ணிப் போட்டேன். ஆனாலும் இவ தொட மாட்டேங்கறா. தந்தி மாத்தோணுமோ என்னமோ, பாருங்க."

டிசைன் கோளாறு என்றதும் பையை வாங்கி மேசையில் வைத்தேன். பையைத் திறந்தேன், மோந்தேன், தடவினேன், மீட்டினேன். எல்லாம் சரி. குச்சியை வைத்து இழுத்தேன். முதல் மெட்டுக்கு முன்னாலேயே இடறியது. நான்காவதைத் தாண்டியதும் மறுபடி இடறியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், அண்ணன் இழைத்த கம்பிகளுக்கு நடுவே புத்தம் புதிதாக இரண்டு கம்பிகள் மின்னின. இம்மி பிசகாத வேலை. டெலிபோன் இலாகாவில் ஆயுள் முழுக்க ஒயரும் குறடுமாக இருந்த கை அல்லவா!

"சார், என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க?"

"எக்ஸெல்ல கணக்குப் போட்டுத்தானுங்க அடிச்சேன். நல்ல கம்பி, ஆன்லைன்ல வாங்குனது."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். அங்கேதான் எனக்குக் கோபத்தோடு துக்கமும் வந்தது. விதி என்னவென்று எனக்குத் தெரியும். இவருடைய லைப்ரரி கார்டுக்கு வாத்திய அலமாரி மூடினால், பக்கத்தில் நிற்கிற அம்மாவுக்கும் சேர்த்துத்தான் மூடும். அந்த அம்மா தொட்ட ஒரே ஒரு பொருள் அது. இப்போது அதையும் தொடவில்லை என்கிறார்கள். மறைக்கிற விஷயமும் இல்லை இது. இருவரையும் பின்னறைக்கு அழைத்துப் போய், லொரெய்னைக் கூப்பிட்டேன்.

லொரெய்ன் டல்சிமரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் புதிய கம்பிகளை நகத்தால் தொட்டார். கன்னம் ஒருமுறை இறுகியது. அவ்வளவுதான். உட்கார்ந்தார். ராமலிங்கம் சாரைப் பார்த்து, "இதை வைத்து என்ன செய்ய நினைத்தீர்கள்?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"மாயாமாளவகௌளை" என்றார் அவர்.

நான் விழித்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்ள வருகிற எந்தக் குழந்தைக்கும் முதல் பாடம் அந்த ராகத்தில்தான். அதற்கு வேண்டிய இரண்டு சுரம் இந்தப் பெட்டியில் இல்லை. "எத்தன புள்ளைங்களுக்கு இவ மொதல்ல அதத்தானுங்க சொல்லிக் குடுத்தா. அவளுக்குப் போய் அது வராத ஒரு வாத்தியத்தக் குடுத்தா எப்படிங்க? அந்த மொதல் பாடம் கைக்கு வந்துருச்சுன்னா மிச்சமெல்லாம் தானா வந்துருமுன்னு நெனச்சேன். பழைய சரசு வந்துருவான்னு..." வாட்சின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தார்.

நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும், லொரெய்ன் நாற்காலியை நகர்த்தி சரஸ்வதி அம்மாவுக்கு எதிரே போட்டுக்கொண்டார். மூன்றாம் நம்பரை அந்த அம்மாவின் மடியில் வைத்து, அதே கேள்வியைக் கேட்டார். "நீங்கள் இதை வைத்து என்ன செய்ய நினைத்தீர்கள்?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளில் இந்த வாத்தியத்தைப் பற்றி அந்த அம்மாவை யாருமே எதுவும் கேட்கவில்லை. ராமலிங்கம் சார் கேட்கவில்லை, மகன் கேட்கவில்லை, நான் கேட்டதெல்லாம் அவர் கணவரிடம். தமிழில் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ராமலிங்கம் சார் வாய் திறக்கப் போனார். லொரெய்ன் அவர் பக்கம் திரும்பாமலேயே கையை மட்டும் லேசாக உயர்த்தினார். ஏசியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் என் வாயை மூடிக்கொண்டு இருந்ததை என் உத்தியோக வாழ்க்கையின் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன்.

சரஸ்வதி அம்மா இடது கை விரலை முதல் புதிய கம்பியில் வைத்தார்.

"இதுல... தப்பு... வருது."

இரண்டாவது கம்பியைத் தொட்டார்.

"இதுலயும்."

ராமலிங்கம் சார், "இல்ல சரசு, கணக்குப்படி அது சுத்தமான..." என்று ஆரம்பித்தார். அந்த அம்மா அவரைப் பார்த்தார். வகுப்பெடுத்த காலத்தில் குழந்தைகளைப் பார்த்த பார்வை அதுவாகத்தான் இருக்க வேண்டும். அவர் நிறுத்திவிட்டார்.

"முன்னாடி... தப்பே... இல்ல." மூச்சு வாங்கினார். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி எடுத்தார். "எத்தன வருஷம்... தப்பு தப்புன்னு... கேட்டேன். இப்ப என் தப்பு... கேக்குது. நாள் பூரா. எனக்கு... போதும்."

பக்கவாதம் வந்தபிறகு அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை என்று ராமலிங்கம் சார் பின்னால் சொன்னார். அப்போது அவர் மனைவியின் கையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்க வேண்டுமே, ஒரு மாதிரி சொல்லி முடித்தேன். அந்த அம்மாவின் காதுக்குத் தன் கை செய்கிற தப்பு, தன் நாக்கு செய்கிற தப்பு எல்லாம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தப்பு செய்யவே இடமில்லாத ஒரு வாத்தியம் கிடைத்தது. கணவர் ஆசை ஆசையாகக் கணக்குப் போட்டு அதில் தப்புக்கு இடம் செய்து கொடுத்துவிட்டார்.

லொரெய்ன் எழுந்தார். "அப்படியானால் அதை எடுத்துவிடலாம். போட்டவரே எடுக்கட்டும்" என்றார். விதியைப் பற்றி நான் மெதுவாக நினைவுபடுத்தினேன். "மரம் பழையபடி ஆகட்டும், அதன்பிறகு பேசலாம்" என்றார். ஆனபிறகும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஒன்றாம் நம்பர் அந்த அம்மாவோடு வீட்டுக்குப் போனது.

மறுநாள் பின்னறை மேசையில் வேலை நடந்தது. ராமலிங்கம் சார் தன் சால்டரிங் அயர்னோடு வந்தார். சூடான முனையைக் கம்பியின் மேல் நிதானமாகப் பிடித்தார். அடியில் இருந்த பசை இளகியதும், குறட்டால் ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினார். அவசரப்பட்டால் மரம் சிலும்பிவிடும். இரண்டு கம்பிகளும் வந்தபின், லொரெய்ன் கொடுத்த மெல்லிய மரச் சீவலைப் பசை தடவிப் பிளவுக்குள் இறக்கினார். காய்ந்தபிறகு உப்புத்தாளால் தேய்த்தார். மரம் வேறு மரம் என்பதால் நிறம் ஒட்டவில்லை, இரண்டு வெளுப்பான கோடுகள் நின்றுவிட்டன. கெய்லா பார்த்தது அவற்றைத்தான். சரஸ்வதி அம்மா பக்கத்தில் ஒன்றாம் நம்பரை மெதுவாக மீட்டியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குச்சியை வைத்து இழுத்தேன். இடறவில்லை. உள்ளே எடுத்துக்கொள்ளலாம் என்றேன். லொரெய்ன் கூடாது என்று தலையசைத்தார். "உனக்கு இப்போது வாசிக்கத் தெரியும் ஜாஃபர், நீ சோதித்தால் செல்லாது. வாசிக்கவே தெரியாத ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நம்பரைத் தூக்கி ராமலிங்கம் சார் மடியில் வைத்துவிட்டார்.

மனிதர் பதறிப்போனார். "அய்யோ, நானுங்களா? அவ இருக்கறப்பவா? தம்பி, சொல்லுங்க தம்பி இந்தம்மாகிட்ட."

நான் சொல்லவில்லை.

வேறு வழியில்லாமல் குச்சியை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மெதுவாக ஏறினார். குச்சியைக் கம்பிக்குச் சற்று இடப்பக்கம் வைக்க வேண்டும், அவர் கம்பியின் மேலேயே வைத்துவிட்டார். நான்காவதில் கர்ரென்றது. எனக்கே பல் கூசியது. அப்படியே உறைந்துபோய், பரீட்சை எழுதின பையன் மாதிரி மனைவியின் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எப்பேர்ப்பட்ட காது என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார் அல்லவா?

சரஸ்வதி அம்மா ஒலி முழுவதும் அடங்குகிற வரை காத்திருந்தார்.

"தப்பில்ல" என்றார். தெளிவாக, இடையில் எங்கும் நிற்காமல்.

"என்ன சொன்ன?"

"தப்பில்லங்க. வாசிங்க."

லொரெய்ன் இப்போது அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே போய்விட்டார். சனிக்கிழமை வகுப்பை அவருக்குப்பின் நான் எடுத்தேன். இனி கெய்லா எடுப்பாள். ராமலிங்கம் சாரும் சரஸ்வதி அம்மாவும் ஜன்னலோர நாற்காலிகளில் இன்றும் வந்து உட்காருகிறார்கள். அந்த அம்மாவின் பேச்சு பாதிக்குமேல் திரும்பிவிட்டது. வாசிக்கும்போது சில நாள் முணுமுணுக்கவும் செய்கிறார். வீணையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவரும் கேட்கவில்லை. எனக்குப் பிரிவு உபசாரம் நடந்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். பர்வீன்கூட வந்து கேட்டாள். நன்றாகவே இருந்தது, அந்த நான்காவது மெட்டு ஒன்றைத் தவிர. அங்கே வரும்போதெல்லாம் ராமலிங்கம் சாரின் குச்சி இன்றும் கர்ரென்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா "தப்பில்லங்க" என்கிறார்.

"அவரிடம் குச்சியைக் கொஞ்சம் இடப்பக்கம் வைக்கச் சொல்லட்டுமா?" என்று கெய்லா என் காதில் கேட்டாள்.

எனக்கும் அந்தச் சந்தேகம் வெகுநாளாக உண்டு. கணக்குப் போட்டு இம்மி பிசகாமல் கம்பி பதித்த கைக்கு இத்தனை காலமாக ஒரு குச்சியை ஒழுங்காக வைக்க வரவில்லையா? ஒருநாள் அந்த அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து போன சமயம் அவரையே கேட்டேன். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, என் பக்கம் சாய்ந்தார்.

"சரியா வாசிச்சா அவ ஒண்ணுமே சொல்ல மாட்டாளுங்க தம்பி."